வயிற்றில் ஓட்டை, குப்பியில் முட்டை

வயிற்றில் உணவு எப்படிச் செரிக்கிறது என்று பார்க்க வில்லியம் போமான்ட் செய்த குப்பிச் சோதனையை அடுப்படியில் செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை பாதிக் கிணறு.

போமான்ட் அமெரிக்க ராணுவ மருத்துவர். கல்லூரிப் பக்கம் போகாமல், வெர்மான்ட்டில் ஒரு டாக்டரிடம் உதவியாளாக இருந்தே தொழில் கற்றவர். எல்லைப்புற மேக்கினா தீவுக் கோட்டையில் அவர் பணியாற்றியபோது, 1822 ஜூன் 6 அன்று ரோமத்தோல் வியாபாரக் கம்பெனியின் கடையில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடாக்கார வேலையாளின் விலாவில் குண்டு பாய்ந்தது. தேறமாட்டார் என்றே டாக்டரும் நினைத்தார். ஆள் தேறிவிட்டார், வயிற்றுக்குள் போகும் ஓட்டைதான் மூடவில்லை.

1825 ஆகஸ்டில் மாட்டிறைச்சி, பன்றிக்கறி, பழைய ரொட்டி, முட்டைக்கோஸ் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியே உள்ளே விட்டு, அவ்வப்போது வெளியே இழுத்துப் பார்த்தார் போமான்ட். சில நாளிலேயே, வயிற்று நீரைக் குப்பியில் பிடித்து, வெந்த உப்புக்கறியைப் போட்டு, 100 டிகிரி பாரன்ஹீட் வெந்நீரில் வைத்தார். அதே நேரம் வயிற்றுக்குள் விட்ட துண்டு மத்தியானத்துக்குள் கரைந்தது. குப்பியில் கரைய இரவாகிவிட்டது. நேரம் கூடினாலும் கரைந்தது கரைந்ததுதானே! செரிப்பது அரைபடுவதாலா, அழுகுவதாலா என்று பெரிய மண்டைகள் மோதிக்கொண்டிருந்த காலம் அது.

எனக்கு வயிற்று நீருக்கு எங்கே போவது? மெடிக்கல் ஷாப்பில், வயிற்று நீரில் புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் கலந்த செரிமான சிரப் கிடைக்கிறது. அமிலத்துக்கு எலுமிச்சைச் சாறு. வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவைத் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கி மூன்று குப்பிகளில் போட்டேன். ஒன்றில் சிரப்பும் சாறும். இன்னொன்றில் சாறு மட்டும். மூன்றாவதில் முதல் கலவையேதான், ஆனால் ஃப்ரிட்ஜில். முதல் இரண்டும் ஹாட்பாக்ஸ் வெந்நீரில். சூட்டை 38 டிகிரி செல்சியஸில் நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. தெர்மாமீட்டரும் கையுமாக, ஆற ஆற வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போமான்ட்டும் பாத்திரத்து வெந்நீரை வைத்தே சமாளித்தார் என்று நினைத்தால் பெருமூச்சு வருகிறது.

சிரப் குப்பியில் வெள்ளைக்கருவின் கூர்முனைகள் மழுங்கி, ஓரங்கள் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டன. குலுக்கினால் சிறு துகள்கள் பிரிகின்றன. சாறு மட்டும் உள்ளதில் துண்டுகள் வெட்டிய மேனிக்கே கிடக்கின்றன. ஃப்ரிட்ஜில் இருந்ததும் அசையவில்லை. குளிர்ந்த வயிற்று நீர் வேலை செய்யாது என்று அவரும் எழுதியிருக்கிறார்.

இதில் உறுத்துவது செயின்ட் மார்ட்டின் விஷயம். சோதனைகளுக்கு உடன்பட போமான்ட்டோடு போட்ட 1832 ஒப்பந்தப்படி அவருக்கு வருடத்துக்கு 150 டாலரும் சாப்பாடும். 1880-ல் அவர் இறந்ததும், டாக்டர்கள் கையில் சிக்கக் கூடாதென்று உடல் கெடும்வரை வைத்திருந்துதான் குடும்பத்தார் புதைத்தார்கள். அவர்கள் செய்தது சரிதான் என்பேன்.

அடுத்தது சோறு. எந்த உணவு எவ்வளவு நேரத்தில் செரிக்கும் என்று போமான்ட் போட்ட பட்டியல், வெந்த அரிசிக்கு 1 மணி நேரம் என்கிறது. ஆனால் பெப்சின் மாவுச்சத்தைத் தொடவே தொடாது! அவர் பார்த்தது சோறு செரித்ததையா, வயிற்றைவிட்டு இறங்கியதையா? என் சிரப்பில் மாவுச்சத்தைக் கரைக்கும் டயாஸ்டேஸும் கலந்திருப்பதால் இதற்கு அது உதவாது. தனிப் பெப்சின் தூள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.