கீசர் வால்வு சொட்டினால் அடைக்காதீர்கள்

தொட்டி வைத்த கீசரில், பெரும்பாலும் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகும் குழாயை ஒட்டி, சின்ன லீவரோடு ஒரு பித்தளை வால்வு இருக்கும். தொட்டிக்குள் அழுத்தம் கூடினால் அதை வெளியேற்றுவது இதுதான். ஹீட்டர் ஓடும்போது அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, வால்வு தன் வேலையைச் செய்கிறது. குளியலறை நனைகிறதே என்று அதற்கு எண்ட் கேப் (மூடி) போட்டு அடைக்கிறார்கள் பாருங்கள், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சூடேறும் தண்ணீர் விரியும். 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 75 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோனால் அரை லிட்டருக்குச் சற்று மேலேயே கூடும். நுழைவுக் குழாயில் ஒருவழி வால்வு இருந்தால் அந்தக் கூடுதல் தண்ணீர் பின்னாலும் போக முடியாது. இதோடு சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் கெட்டு, தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் அணையாமல் ஓடினால்? அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. தொட்டி பிளந்த நொடியில் அதில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகும். ஆவிக்குத் தண்ணீரைப்போல் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் வேண்டும். தொட்டி வெடித்துச் சுவரைப் பெயர்ப்பது இதனால்தான்.

6 மாதத்துக்கு ஒருமுறை வால்வைச் சோதியுங்கள். மின்சாரத்தை அணைத்து, தண்ணீரை ஆறவிட்டு, கீழே வாளி வைத்து லீவரைத் தூக்குங்கள். தண்ணீர் பீறிட வேண்டும். விட்டதும் நிற்க வேண்டும். வரவேயில்லை என்றால் உப்புப் படிந்து இறுகிவிட்டது, மாற்றிவிடுங்கள். நிற்காமல் ஒழுகினால் உள்ளே மணலோ துகளோ சிக்கியிருக்கலாம். இரண்டு மூன்று தடவை தூக்கிவிட்டுப் பாருங்கள். தொட்டி ஆறிய பிறகும் ஒழுக்கு நிற்காவிட்டால், வால்வோடு சேர்த்து வரத்துத் தண்ணீரின் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். புது வால்வில் பொறித்திருக்கும் அழுத்த அளவு, கீசர் தயாரிப்பாளர் சொன்ன அளவாகவே இருக்கட்டும். கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று வாங்கினால், வால்வு திறக்குமுன் தொட்டி போய்விடும். சொட்டு நீரைச் சாக்கடைக்குக் கொண்டுபோகும் குழாய் கீழ்நோக்கிச் சரிந்து, முனை திறந்தபடி முடிய வேண்டும். நடுவில் மூடித் திறக்கும் டேப் எதுவும் கூடாது.

மின்சாரப் பக்கம்: 230 வோல்ட்டில் 2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியர் அளவுக்கும், 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியருக்கும் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். தனி லைன், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) வேண்டும். ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் எலிமென்ட்டில் ஓட்டை விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆர்சிசிபியைத் தாண்டி நேராக லைன் கொடுத்து பைபாஸ் போடுபவரை வீட்டுக்குள் விடாதீர்கள். புதிதாகப் பொருத்தியதும் சுடுதண்ணீர் டேப்பைத் திறந்து, காற்றில்லாமல் சீராகத் தண்ணீர் வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். காலித் தொட்டியில் எலிமென்ட் கருகிவிடும்.

வெப்பநிலையை ரொம்பவும் குறைக்காதீர்கள். 20 முதல் 45 டிகிரிக்குள் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும், அதனால் தொட்டியில் 60 டிகிரி நல்லது. ஆனால் அந்தச் சூட்டில் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் குழாய்ப் பக்கம், குளிர்ந்த தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் மிக்ஸிங் வால்வு போடுங்கள்.

கேஸ் கீசரை மூடிய குளியலறைக்குள் மாட்டவே கூடாது. சுடர் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உருவாகலாம். அதற்கு வாசனை கிடையாது. குளிக்கும்போது தலைவலியோ கிறுகிறுப்போ வந்தால் சோப்பைக்கூடக் கழுவிக்கொண்டிருக்காமல் முதலில் வெளியே வாருங்கள்.