வலது பக்கம் திரும்புனானா?

போன மாசம் இங்க சிங்கப்பூர்ல எங்கம்மாவ ஒரு காடி, கார் தான், இடிக்கப் பாத்துச்சு. இடிக்கல, ஒரு முழம் முன்னாடி நின்னுருச்சு. காலையில மார்க்கெட்டுக்குப் போயிட்டு டிராலிய இழுத்துக்கிட்டு வந்திருக்காங்க, எங்க புளோக்குக்கு எதிர்ல இருக்கற ஜங்ஷன்ல வயசானவங்க கார்ட சிக்னல்ல தட்டிட்டு நின்னு, நடக்கறவங்களுக்கான பச்ச மனுசன் லைட்டு வந்தப்பறம் தான் ரோட்டுல எறங்கியிருக்காங்க, பாதி தாண்டுறதுக்குள்ள கிரீச்னு ஒரு சத்தம், பாத்தா டிராலிக்குப் பக்கத்துல பானெட்டு. ஓட்டுனது சின்னப் பையன், எறங்கி வந்து சாரி ஆண்ட்டி சாரி ஆண்ட்டினு கை நடுங்க நின்னானாம், "பாத்துட்டு தான் வந்தேன் ஆண்ட்டி, யாருமே இல்லியே"னு திரும்பத் திரும்ப சொன்னானாம். அம்மா வீட்டுக்கு வந்து மொதல்ல சொன்னது முட்ட ரெண்டு உடஞ்சு போச்சுங்கறத தான். காடி விஷயம் காப்பி குடிச்சு முடிச்சதுக்கு அப்பறம் தான் வெளிய வந்துச்சு.

நா கத்துனேன், நம்பர் பாத்தீங்களா, போலீஸுக்கு சொன்னீங்களான்னு. அப்பா பேப்பர்ல இருந்து தல நிமிராம ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "வலது பக்கம் திரும்புனானா?"

ஆமான்னாங்க அம்மா.

எப்படிப்பா தெரியும்னு கேட்டேன். "வேற எப்படி இடிப்பான் அந்த எடத்துல"னாரு. முப்பது வருசம் லோரி ஓட்டுனவரு. அன்னிக்கு சாயந்தரம் மேசையில உப்பு டப்பா, ஊறுகா பாட்டில், ரெண்டு ஸ்பூன் எல்லாம் வச்சு எனக்கு ஒரு ஜங்ஷனே கட்டிக் காட்டுனாரு. அதுக்கப்பறம் தான் எனக்கு இந்தப் பைத்தியம் புடிச்சுச்சு, அதப் பத்தி தான் இந்தப் பதிவு, நீளமா போகும், மன்னிச்சுக்குங்க.

அப்பா சொன்னது இது. வலது பக்கம் திரும்புற ஜங்ஷன்ல பச்ச அம்பு இல்லாம வெறும் பச்ச லைட்டு மட்டும் இருந்தா, எதுத்தாப்ல நேரா வர்ற காடிங்களுக்கும் அதே பச்ச தான். கேப்பு கெடச்சா நீயே முடிவு பண்ணி திரும்பிக்கோன்னு அர்த்தம். அதே நேரத்துல நாம திரும்பிப் போகப்போற ரோட்டக் கடக்கறவங்களுக்கும் பச்ச மனுசன் எரிஞ்சுக்கிட்டு இருப்பான். ஆக ஓட்டுறவன் ரெண்ட பாக்கணும், எதுர்ல வர்ற காடி ஒண்ணு, வலது பக்கம் நடக்கற ஆளு ஒண்ணு. ஆனா அவனக் கொல்லக்கூடியது எதுர்ல வர்ற காடி தான், அதனால கண்ணு முழுக்க அங்கேயே ஒட்டிக்கிட்டு இருக்கும். பின்னாடி நிக்கறவன் வேற ஹார்ன் அடிப்பான். ஒரு வழியா கேப்பு கெடச்சதும் வெடுக்குனு அமுக்கித் திருப்புவான், அப்ப தான் வலது பக்கத்தையே பாக்க ஆரம்பிப்பான், அதுக்குள்ள பாதி திரும்பியாச்சு.

இன்னொண்ணும் சொன்னாரு, இது எனக்குப் புதுசு. முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு தூண் இருக்கு பாருங்க, நம்ம ஊர்ல ஓட்டுறவங்க வலது பக்கம் ஒக்கார்றதால வலது தூண் தான் மூஞ்சிக்கு ரொம்பக் கிட்ட. கிட்ட இருக்கறது நெறைய மறைக்கும். ஒரு கண்ண மூடிக்கிட்டு கட்டவிரலக் கண்ணு முன்னாடி வச்சுப் பாருங்க, எதுர் புளோக்கே காணாமப் போயிரும். காடி திரும்புற வேகமும் ஆளு நடக்கற வேகமும் ஒத்துப் போச்சுன்னா அந்த ஆளு அந்தத் தூணுக்குப் பின்னாலயே கூடவே நகந்துக்கிட்டு இருப்பாங்க. அந்தப் பையன் "யாருமே இல்லியே"ன்னது பொய் இல்ல போல. லோரி ஓட்டுறப்ப அப்பா சீட்டுல முன்னும் பின்னும் சாஞ்சு சாஞ்சு பாப்பாராம், கூட வர்ற ஆளு என்னாண்ண ஊஞ்சல் ஆடுறீங்கன்னு கிண்டல் பண்ணுவானாம்.

சரி, நா பாக்கறேன்னு ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தேன். எங்க வீடு நாலாவது மாடி, சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து அந்த ஜங்ஷன் நல்லாத் தெரியும். நாங்க இருக்கற புக்கிட் பாஞ்சாங்க ஊருன்னு சொல்லலாமான்னு தெரியல, சிங்கப்பூர்ல ஏது ஊரு, ஆனா எல்ஆர்டி ரயிலு ஒரு சுத்து சுத்தி வந்துரும், மார்க்கெட்டுல பாதிப் பேர் மொகம் தெரிஞ்ச மொகம், எனக்கு இது சின்ன ஊரு தான். மூணு வாரம், சோறு வைக்கறப்ப, துணி காயப் போடறப்பன்னு பாத்து, பிரேக் கிரீச்சுனா, ஆளு பின்னால துள்ளுனா, ஒரு கோடு. 23 கோடு வந்துச்சு. இது புள்ளிவிவரம் இல்ல, ஒரு சமையக்காரியோட ஜன்னல் கணக்கு. ஆனா அதுல 14, வலது பக்கம் திரும்புனது. இடிச்சது ஒண்ணு கூட இல்ல. ஒண்ணு கூட இல்லாததால தான் அது எந்தக் கணக்குலயும் வராது, பேப்பர்லயும் வராது, எல்லாரும் அங்க எதுவும் ஆகலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம்.

மிச்சம் ஒம்போதுல பாதி பஸ் ஸ்டாப்புல. பஸ்ஸ விட்டு எறங்கி, அந்தப் பஸ்ஸுக்கு முன்னாடியே புகுந்து ரோட்டத் தாண்டுறது. பாலமோ லைட்டோ 50 மீட்டருக்குள்ள இருந்தா அத விட்டுட்டுத் தாண்டுறது சட்டப்படி தப்பு, எல்லாருக்கும் தெரியும், ஆனா பாலத்துல ஏறி எறங்க முட்டி ஒத்துழைக்கணும்ல. பஸ்ஸு 12 மீட்டர் நீளம், அதுக்கு மறவுல இருந்து வர்ற ஆள அடுத்த லேன்ல வர்றவன் கடைசி செகண்டுல தான் பாப்பான். அப்பறம் கார்பார்க் வாசல். வெளிய வர்ற காடி நடபாதையத் தாண்டி மூக்க நீட்டி நிக்கும், ஓட்டுறவங்க வலது பக்கம் வர்ற காடிங்களையே பாத்துக்கிட்டு இருப்பாங்க, இடது பக்கத்துல இருந்து சாப்பாடு டெலிவரி சைக்கிள் வரும், முடிஞ்சுச்சு. 2019 நவம்பர்ல நடபாதையில மின் ஸ்கூட்டர் ஓட்டத் தடை வந்தப்பறம் எவ்வளவோ தேவல, அதுக்கு முன்னாடி புளோக்குக்குக் கீழ இருக்கற தொறந்த எடம், வாய்ட் டெக்கு, அத விட்டு எறங்கவே பயமா இருக்கும்.

நோட்டுல நேரமும் எழுதியிருந்தேன். எழுதுனப்ப ஒண்ணும் தோணல, அப்பறம் என் மகன் தான் பாத்துச் சொன்னான், அம்மா எல்லாம் ஒரே டைம்ல வருதுன்னு. காலையில ஏழுல இருந்து எட்டுக்குள்ள, அப்பறம் சாயந்தரம் ஆறரையில இருந்து ஏழரைக்குள்ள. அந்த நேரத்துல தான் கூட்டம் அதிகம், அதனால தான்னு சொல்லிரலாம். ஆனா இங்க இன்னொரு கூத்து இருக்கு. நம்ம கடிகாரம் சூரியனோட ஒத்துப் போறதே இல்ல. 1982 பொறந்த அன்னிக்கு அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சுட்டாங்க, மலேசியாவோட சேந்து. அதனால விடியறதே ஏழு மணி சுமாருக்கு. பிள்ளைங்க ஆறே முக்காலுக்கு பையத் தூக்கிக்கிட்டு இருட்டுல ரோட்டத் தாண்டுறாங்க. அது முடிஞ்சு சூரியன் வந்ததும், கெழக்கப் பாத்து ஓட்டுறவனுக்கு நேரா கண்ணுலயே அடிக்கும். எங்க ஜங்ஷன்ல காலையில மார்க்கெட்டு பக்கமா திரும்புறவங்க சரியா சூரியனப் பாத்துத் தான் திரும்புறாங்க, அம்மா வந்ததும் அந்த நேரம் தான். தூணு, வெயிலு, எதுத்த காடி, பின்னாடி ஹார்ன். பாவம் அந்தப் பையன்னு கூட எனக்குத் தோணிருச்சு, அம்மாகிட்ட சொல்லல.

மழ பேஞ்சா தனிக் கணக்கு. ரெண்டு மூணு நாள் காஞ்சு கெடந்து மழ வந்தா மொதப் பத்து நிமிசம் தான் மோசம்னாரு அப்பா, ரோட்டுல படிஞ்ச எண்ணெயெல்லாம் மெதந்து வரும், நல்லா அடிச்சுப் பேஞ்சு கழுவிட்டுப் போனா பரவால்ல.

இப்ப என்ன செய்யறாங்கன்னு பாத்தா, செய்யாம இல்ல. 2018ல கிளமெண்டி பக்கம் இதே மாதிரி வலது பக்கம் திரும்புன டாக்சியில எதுத்து வந்த காடி மோதி, பின்னாடி உக்காந்திருந்த யுனிவர்சிட்டி பொண்ணு போயிருச்சு, ஞாபகம் இருக்கும். அதுக்கப்பறம் நெறைய ஜங்ஷன்ல சிவப்பு மஞ்ச பச்ச அம்பு மாட்ட ஆரம்பிச்சாங்க, சிவப்பு அம்பு இருந்தா திரும்பக் கூடாது, அவ்வளவு தான், நீ யோசிக்கவே வேணாம். ஓட்டுறவங்க மொணங்குறாங்க, எங்க வீட்டுக்காரரு உட்பட, ரோடு காலியா கெடக்கு சிவப்பு அம்புல சும்மா நிக்கணுமான்னு. நிக்கட்டும். முடிவு எடுக்கற வேலைய மனுசன்கிட்ட இருந்து புடுங்குனதுல தான் அந்த அம்போட வேலையே இருக்கு. எங்க ஜங்ஷனுக்கு இன்னும் வரல.

அம்மா தட்டுன கார்டு இருக்கே, அது 2009ல வந்துச்சு, வயசானவங்க கார்ட வச்சா பச்ச மனுசன் 3ல இருந்து 13 செகண்டு வரைக்கும் கூட நிப்பான், ரோட்டோட அகலத்தப் பொறுத்து. நல்ல திட்டம், சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் கூடுதல் செகண்டு நடக்கறதுக்குத் தான், திரும்புற காடி கண்ணுக்கு அம்மாவக் காட்டாது.

2014ல இருந்து வயசானவங்க நெறைய இருக்கற பேட்டைங்கள்ல சில்வர் ஸோன் போடறாங்க பாருங்க, அதப் பத்தி தான் எனக்கு ரொம்ப மரியாத. ரோட்டக் குறுக்கி, வளச்சு நெளிச்சு, நடுவுல ஒரு தீவு மாதிரி கட்டி, பாதி தாண்டி நின்னு மூச்சு விட்டு மீதியத் தாண்டற மாதிரி, வேகத்த மணிக்கு 40 கிலோமீட்டருக்கோ 30க்கோ எறக்கி. 50க்கும் 40க்கும் என்னடா பெரிய வித்தியாசம்னு நானும் நெனச்சிருக்கேன், மகன் ஃபிசிக்ஸ் படிக்கறான்ல, அவன ஒக்கார வச்சு கணக்குப் போடச் சொன்னேன். 40ல வர்றவன் ஆளப் பாத்து ஒரு செகண்டு திகைச்சு பிரேக் அடிச்சா காஞ்ச ரோட்டுல ஏறக்கொறைய 20 மீட்டர்ல நிப்பான். 50ல வர்றவனுக்கு 28 மீட்டர் வேணும். எட்டு மீட்டர் தானேன்னா, இல்ல, 40ல வந்தவன் முழுசா நின்ன அதே எடத்துல 50ல வந்தவன் இன்னும் 38 வேகத்துல போயிக்கிட்டு இருக்கான். மகன் ரெண்டு தடவ போட்டுப் பாத்தான், தப்பு இல்ல. நா அன்னிக்கு சரியாத் தூங்கல.

இதெல்லாம் தெரிஞ்சப்பறம் எனக்கு எரிச்சல் வர்றது என்னன்னா, யாருக்காவது அடிபட்டா லிஃப்டுல நின்னு பேசுவோமே, "கவனமா இருந்திருக்கலாம்", "நேரம் சரியில்ல", "விதி". அதே ஜங்ஷன்ல, அதே திருப்பத்துல, அதே ஏழரை மணிக்கு வந்து நிக்கற விதிய நா இப்ப தான் பாக்கறேன். 2023ல 136 பேர், 2024ல 142 பேர் இந்தத் தீவு ரோட்டுல செத்திருக்காங்க. அதுல பாதிக்கும் மேல மோட்டார்சைக்கிள்ல போனவங்க, ஓட்டுனவங்களும் பின்னாடி உக்காந்தவங்களும். அத எழுதுனா சித்தப்பா பையன் ஞாபகம் வரும், மலேசியா பக்கம் ஜோகூர்ல இருந்து விடியாலம் நாலு மணிக்குக் கெளம்பி, உட்லண்ட்ஸ் தாண்டி பிகேஇ எக்ஸ்பிரஸ்வேயில எங்க ஊரு ஓரமா தான் வேலைக்குப் போறான், மழக்கோட்ட மாட்டிக்கிட்டு, நாலு மணி நேரத் தூக்கத்துல. அவன் கத வேற மாதிரி, இன்னொரு நாளைக்கு எழுதறேன்.

அம்மாகிட்ட நோட்டக் காட்டி, இனிமே அந்த ஜங்ஷன் வேணாம், சுத்திப் போங்க, அஞ்சு நிமிசம் தான் கூட ஆகும்னு சொல்லிப் பாத்தேன். "அவன் திரும்புறதுக்கு நா ஏன்டி சுத்தணும்"னாங்க. பதில் சொல்லத் தெரியல எனக்கு. அப்பா தான் ஒரு வழி சொல்லிக் குடுத்தாரு, எறங்குறதுக்கு முன்னாடி ஓட்டுறவன் பக்கம் பாத்து கையத் தூக்கு, சும்மா நிக்கற ஆள கண்ணு விட்டுரும், ஆடுற கைய விடாதுன்னு.

இப்ப அம்மா தெனமும் கையத் தூக்கறாங்க, ஜன்னல்ல இருந்து பாக்கறேன். திரும்ப நிக்கற காடியெல்லாம் நிக்குது. நேத்து ஒரு டாக்சிக்காரர் அவரும் பதிலுக்குக் கையத் தூக்கி, தல ஆட்டி, ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுப் போனாரு. அம்மா வீட்டுக்கு வந்து டிராலிய ஓரமா வச்சுட்டு கேக்கறாங்க, "யாருடி அவன், நமக்குத் தெரிஞ்சவனா?"