மரத்துக்கு எத்தன காய் கூடும்?

ரெண்டு வருஷம் முந்தி ஒரு நாள் பெரியப்பா பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைல இருந்து போன் பண்ணாரு. தென்னைக்கு வேர்ல கட்டற டானிக் ஒண்ணு கொண்டு வந்திருக்காங்க அம்மிணி, நோட்டீஸ வாட்சப்ல அனுப்பிருக்கேன், நீ இந்த கணக்கெல்லாம் பாக்கறவதான, பாத்துச் சொல்லுன்னாரு. நான் கோயம்புத்தூர்ல பிஎச்டி பண்றவங்களுக்கு டேட்டா அனலிசிஸ் பண்ணிக் குடுக்கற வேலைல இருக்கேன், அதனால குடும்பத்துல இந்த மாதிரி எதுன்னாலும் எங்கிட்டதான் வரும். நோட்டீஸ்ல ரெண்டு கம்பம் போட்ட ஒரு படம், ஒரு கம்பத்து மேல ரெண்டு நட்சத்திரம், கீழ பி வேல்யூ 0.01-க்கும் குறைவுன்னு போட்டிருந்துச்சு. பெரியப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, மரத்துக்கு எத்தன காய் கூடும்னு. அது இதுல போடல பெரியப்பா, ஆனா வித்தியாசம் இருக்குன்னு நிரூபணம் ஆயிருக்குன்னு சொல்லிட்டேன். என் பேச்ச நம்பி 120 மரத்துக்கும் வாங்கிட்டாரு, மரத்துக்கு வருஷத்துக்கு 150 ரூபா, மொத்தம் 18,000 ரூபா.

இத எழுதறது அதுக்காகத்தான். அவரு கேட்ட கேள்வி சரியான கேள்வி, நான் வேற ஒரு கேள்விக்கு பதில் சொல்லிட்டேன்.

பி வேல்யூ சொல்றது இவ்வளவுதான்: உண்மைல ரெண்டு பக்கமும் ஒரு வித்தியாசமும் இல்லேன்னு வச்சுக்கிட்டா, கண்ணுல பட்ட வித்தியாசமோ அதுக்கு மேலயோ தற்செயலா வர வாய்ப்பு எவ்வளவு. வித்தியாசம் பெருசா சிறுசான்னு அது சொல்லாது, அத சொல்றதுக்குத்தான் எஃபெக்ட் சைஸ்னு ஒண்ணு இருக்கு, தமிழ்ல விளைவோட அளவுன்னு வச்சுக்கலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். டானிக் கட்டின மரம் சராசரியா வருஷத்துக்கு 103 காய், கட்டாத மரம் 100 காய்னு வச்சுக்கோங்க. தென்னை எல்லாம் ஒரே மாதிரி காய்க்காதுன்னு தோப்பு வச்சிருக்கறவங்களுக்குத் தெரியும், பெரியப்பா தோப்புலயே கெணத்து ஓரத்து மரம் 150 குடுக்கும், அதே வரிசைல நாலு மரம் தள்ளி இருக்கறது குரும்பையெல்லாம் உதிர்த்துட்டு 40-ல நிக்கும். இந்த ஏத்த இறக்கத்துக்குப் பேருதான் ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அது 30 காய்னு வைங்க. 3-ஐ 30-ஆல வகுத்தா 0.1, இதத்தான் கோஹனோட டி-ன்னு சொல்றாங்க. இந்த 0.1-க்கு என்ன அர்த்தம்னா, கட்டின பக்கம் ஒரு மரம், கட்டாத பக்கம் ஒரு மரம், கண்ண மூடிட்டுத் தொட்டு காய எண்ணிப் பாத்தா, நூறு தடவைல 53 தடவ கட்டின மரம் ஜெயிக்கும், டானிக்கே இல்லேன்னாலும் 50 தடவ ஜெயிச்சிருக்கும். பக்கத்துக்கு 30 மரம் வச்சு சோதிச்சா இந்த வித்தியாசம் பிடிபடவே படாது, ஆனா பக்கத்துக்கு 3,000 மரம் வச்சா பி வேல்யூ 0.001-க்கும் கீழ போயிரும், பி வேல்யூ குறையக் குறைய நட்சத்திரம் கூடும்கறதால மூணு போடலாம். காய் அதே மூணு காய்தான். காய் 20 ரூபான்னு போட்டாலும் 60 ரூபா வரவுக்கு 150 ரூபா செலவு.

ஜேக்கப் கோஹன்னு அமெரிக்க உளவியல்காரர்தான் 0.2 சின்னது, 0.5 நடுத்தரம், 0.8 பெருசுன்னு ஒரு அளவுகோல் குடுத்தவரு. 1988-ல வந்த பதிப்புல அவரு குடுத்த உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், 15 வயசு, 16 வயசுப் பொண்ணுங்களோட உயர வித்தியாசம் 0.2, 14-க்கும் 18-க்கும் 0.5, 13-க்கும் 18-க்கும் 0.8. இது பொதுவா வச்சுக்கறதுக்குத்தான், உங்க துறைல வேற அளவு இருந்தா அத வச்சு எடை போடுங்கன்னு அவரே எச்சரிச்சிருக்காரு, ஆனா எங்கிட்ட வர்ற தீசிஸ்ல பாதிக்கு மேல 0.2-ன்னா சின்னதுன்னு எழுதி மூடிட்டுப் போயிடறாங்க. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். பள்ளிக்கூடத்துல நடக்கற பெரிய சோதனைகள்ல 0.2 வந்தாலே அது பெருசுன்னு கல்வி ஆராய்ச்சி பண்ற மேத்யூ க்ராஃப்ட் 2020-ல எழுதினாரு, அங்க செலவயும் சேத்துப் பாக்கணும்னும் சொன்னாரு.

சின்ன நம்பர் எப்பவுமே அற்பம்னும் சொல்லிர முடியாது. அமெரிக்காவுல 22,071 ஆம்பள டாக்டருங்க மேல நடந்த ஆஸ்பிரின் ஆராய்ச்சி, 1988-ல முதல் அறிக்கை வந்துச்சு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பிரின் எடுத்த 11,037 பேர்ல 104 பேருக்கு ஹார்ட் அட்டாக், வெறும் மாத்திரை எடுத்த 11,034 பேர்ல 189 பேருக்கு. இத கோரிலேஷனா, அதாவது ரெண்டு விஷயம் எவ்வளவு சேந்து போகுதுன்னு 0-க்கும் 1-க்கும் நடுவுல சொல்ற நம்பரா மாத்தினா 0.03 சொச்சம்தான், யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. ஆனா ஆஸ்பிரின் பகுதிய பாதிலயே நிறுத்திட்டாங்க, ஏன்னா மத்தவங்களுக்கு அது கிடைக்காம வச்சிருக்கறது சரியில்லன்னு ஆயிருச்சு. இதே கணக்க பேப்பர்க்காரங்க ஹார்ட் அட்டாக் 45 சதவீதம் குறையுதுன்னு போடலாம், நூத்துக்கு 1.7 பேர்ல இருந்து 0.9 பேருக்கு இறங்குதுன்னும் போடலாம், ரெண்டும் உண்மைதான், ஆனா படிக்கறவங்க மனசுல விழறது வேற வேற. சுமார் 130 பேர் வருஷக் கணக்கா சாப்பிட்டா ஒருத்தருக்கு அட்டாக் தவிருது, ரத்தக் கசிவு ஆபத்து எல்லாருக்கும் உண்டு. (இதப் படிச்சுட்டு யாரும் தானா ஆஸ்பிரின் ஆரம்பிச்சிராதீங்க, இதய நோய் இல்லாதவங்க 60 வயசுக்கு மேல புதுசா தொடங்க வேண்டாம்னுதான் 2022-ல அமெரிக்காவுலயே பரிந்துரை வந்துச்சு.)

இன்னொண்ணு, சின்ன சாம்பிள்ல பெரிய எஃபெக்ட் வந்தா உடனே சந்தோஷப்படாதீங்க, தற்செயலா பெருசாத் தெரிஞ்சிருக்கலாம். 2015-ல உளவியல்ல 100 ஆராய்ச்சிய திரும்பச் செஞ்சு பாத்தாங்க, எஃபெக்ட் சைஸ் சராசரியா முதல்ல வந்ததுல பாதியாக் குறைஞ்சுபோச்சு.

பெரியப்பா வீட்டுத் திண்ணைல ஒரு மலையாளக் காலண்டர் தொங்கும், எடவம் மிதுனம்னு அச்சடிச்ச கட்டத்துக்குள்ள வெட்டுக்கு வெட்டு எத்தன காய்னு பென்சில்ல தமிழ்ல எழுதி வச்சிருப்பாரு. ரெண்டு வருஷத்தையும் கூட்டிப் பாத்தேன். மழையும் மாறிருக்கு, எல்லா மரத்துக்கும் கட்டிட்டதால ஒப்பிட எதுவும் இல்ல, டானிக் உதவுச்சா இல்லையான்னு அதுல இருந்து சொல்லவே முடியல.

அதனால இப்ப 60 மரத்துக்கு சுண்ணாம்பு வளையம் போட்டிருக்கோம், எதுக்குன்னு சீட்டுக் குலுக்கி எடுத்தோம், அந்த 60-க்கு மட்டும் டானிக். போட்ட காச எடுக்க மரத்துக்கு எட்டு காயாவது கூடணும், ஆனா 60-க்கு 60 வச்சா 15 காய் வித்தியாசம்தான் நம்பிக்கையா பிடிபடும், எட்டு காய பிடிக்கணும்னா பக்கத்துக்கு 220 மரம் வேணும்னு அவருகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. பக்கத்துத் தோப்புக்காரர்கிட்டயும், வேலந்தாவளத்துல இருக்கற மச்சான்கிட்டயும் கேட்டுப் பாக்கறேன் அம்மிணி, அடுத்த வெட்டுக்குள்ள சொல்றேன்னிருக்காரு.