சோஃபியாவில் குழாயடியில் நின்ற காலை

பல்கேரியா போக வேண்டும், ஆனால் கையில் காசு குறைவு என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகப் போங்கள்.

சோஃபியா நகரின் நடுவில், பழைய வெந்நீர்க் குளியல் மாளிகைக்குப் பக்கத்தில் வரிசையாகக் குழாய்கள் இருக்கின்றன. பூமிக்கடியிலிருந்து வரும் ஊற்றுநீர், கை வைத்தால் இதமான சூடு. பாட்டிமார்கள் கேன் கேனாகப் பிடித்துப் போகிறார்கள். நானும் பாட்டிலை நிரப்பிக்கொண்டேன். காசு கிடையாது. அப்படியே செர்திகா மெட்ரோ நிலையத்துக்கு இறங்கினால் ரோமானியர் காலத்துத் தெருவும் சுவர்களும்! அதற்கும் டிக்கெட் இல்லை.

காலைச் சாப்பாட்டுக்கு பானிட்சா. மெல்லிய மாவு மடிப்புகளுக்குள் முட்டையும் உப்புச் சீஸும். பேக்கரி ஜன்னலில் வாங்கும்போது காகிதமெல்லாம் எண்ணெய், கையில் சூடு. கூடவே அய்ரான், நம் உப்பு மோரேதான். மதியம் வரை பசிக்கவில்லை.

அப்புறம் சோஃபியாவுக்கு வெளியே, மலைகளுக்கு நடுவில் இருக்கும் ரிலா என்ற கிறிஸ்தவ மடாலயம். முற்றத்துக்கும் கோயிலுக்கும் கட்டணம் இல்லை. 1833 தீ விபத்துக்குப் பிறகு திரும்பக் கட்டியது. கறுப்பு வெள்ளை வளைவுகளுக்குக் கீழே சுவர் முழுக்க ஓவியங்கள். அருங்காட்சியகத்துக்கு மட்டும் டிக்கெட் உண்டு. அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். ரஃபாயில் என்ற துறவி பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் செதுக்கிய மரச்சிலுவை அங்கே இருக்கிறது. அதிலுள்ள உருவங்கள் அறுநூறுக்கும் மேல், சில அரிசியளவுதான். 1802இல் முடித்தபோது அவருக்குப் பார்வை போய்விட்டதாம். கண்ணாடிப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றேன்.