286-இல் செக்மென்ட் ரிஜிஸ்டர் ஏற்றும் செலவு: ஒருவழியாக அளந்தாயிற்று

எண் கையில் வந்துவிட்டது. இன்டெல்லின் பழைய 286 ப்ராசஸர் உள்ள 12 மெகாஹெர்ட்ஸ் மதர்போர்டில், மெமரிக்குப் பாதுகாப்பு தரும் ப்ரொடெக்டட் மோடில், இ.எஸ். என்ற செக்மென்ட் ரிஜிஸ்டரில் (எந்த மெமரிப் பகுதியில் வேலை என்று குறித்துவைக்கும் இடம்) ஒரு செலக்டரை, அதாவது அந்தப் பகுதிக்கான டேபிள் எண்ணை, ஏற்ற 20 க்ளாக்கை (ப்ராசஸரின் கடிகாரத் துடிப்பு) ஒட்டி ஆகிறது. பாதுகாப்பு இல்லாத பழைய ரியல் மோடில் அதே கட்டளைக்கு வெறும் 2. இன்டெல் கையேடு சொல்வது ரியல் மோடுக்கு 2, ப்ரொடெக்டட் மோடுக்கு 17. மிச்சம் மூன்று எங்கே போகிறது என்று துரத்தியதில்தான் நிறைய பிடிபட்டது.

ப்ரொடெக்டட் மோடுக்குள் நுழையச் செய்யும் ஆயத்தங்களை (ஜி.டி.டி. என்ற செக்மென்ட் டேபிள் அமைப்பது, ஏ20 என்ற முகவரிக் கம்பியைத் திறப்பது) விட்டுவிடுகிறேன். படுத்தி எடுத்தது அளக்கும் முறைதான். 286-இல் க்ளாக் எண்ணிக் கொடுக்கும் வசதி கிடையாது, இருப்பது 8254 டைமர் ஒன்றுதான். அது நொடிக்கு 11,93,182 முறை எண்ணும். ஒரு எண்ணிக்கைக்குள் இந்த ப்ராசஸர் 10 க்ளாக் ஓடிவிடும். ஆகவே கட்டளையை 1000 முறை அடுக்கி மொத்தமாக அளக்க வேண்டும். அடுக்கினால் வேறு தொல்லை: 2 பைட் கட்டளையை ஒரு வெயிட் ஸ்டேட் (மெமரிக்காக ப்ராசஸர் கூடுதலாகக் காத்திருக்கும் ஒரு க்ளாக்) உள்ள மெமரியிலிருந்து எடுக்கவே 3 க்ளாக் ஆகிறது, ரியல் மோடில் 2 என்ற எண் கண்ணிலேயே படாது. இதற்கு நான் செய்தது, ஒவ்வொன்றுக்கும் நடுவே 'மல் பி.எக்ஸ்' என்ற ஒரு பெருக்கல் கட்டளை போட்டேன். அது 21 க்ளாக் பிடிக்கும், அதற்குள் அடுத்த கட்டளைகளை முன்கூட்டியே எடுத்துவைக்கும் ப்ரீஃபெட்ச் க்யூ நிரம்பிவிடும். அப்புறம் மல் மட்டும் உள்ள ஓட்டத்தைக் கழித்துக்கொள்ளலாம். மல் ஏ.எக்ஸ்., டி.எக்ஸ். என்ற ரிஜிஸ்டர்களை அழித்துவிடும் என்பதால் செலக்டரை அவற்றில் வைக்காமல் சி.எக்ஸில் வைத்தேன், இல்லாவிட்டால் அடுத்த வரியிலேயே ஜெனரல் ப்ரொடெக்‌ஷன் ஃபால்ட், அதாவது தப்பான செலக்டர் என்று ப்ராசஸர் நிறுத்திவிடும்.

இப்படி அளந்ததும் ரியல் மோடு சுத்தமாக 2-இல் வந்து நின்றது. ப்ரொடெக்டட் மோடின் மிச்சத்துக்கும் விடை கிடைத்தது. செலக்டர் காட்டும் டேபிள் பதிவான டிஸ்க்ரிப்டரில் 286 பயன்படுத்துவது 6 பைட், அதாவது மெமரிக்கு மூன்று நடை, நடைக்கு ஒரு வெயிட் ஸ்டேட். கையேட்டின் 17 வெயிட் ஸ்டேட் இல்லாத மெமரிக்கானது. இதில் எரிச்சல் என்னவென்றால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் அதே செலக்டரைத் திரும்ப ஏற்றினாலும் மறுபடி டேபிளுக்குப் போய், வகை, ப்ரெசென்ட் பிட் (செக்மென்ட் மெமரியில் இருக்கிறதா என்ற குறி), ப்ரிவிலேஜ் (அனுமதி நிலை) எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்க்கிறது.

ப்ரொடெக்டட் மோடே மெதுவானது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஏற்றியபின் சாதாரண மெமரி படிப்பு இரண்டு மோடிலும் 5 க்ளாக்தான். செக்மென்ட் எல்லையைத் தாண்டுகிறோமா என்று பார்க்கும் லிமிட் சோதனை கூடவே நடந்துவிடுகிறது, தனியாக நேரம் கேட்பதில்லை. 64 கிலோபைட்டுக்குள் அடங்கும் நிரலுக்கு நஷ்டமே இல்லை. அதைத் தாண்டிய அரேயை, இ.எஸ்.ஸை மெமரியிலிருந்து ஏற்றும் எல்.இ.எஸ். கட்டளையைப் போட்டுப் போட்டு நடப்பவர்களுக்குத்தான் அடி: 7 க்ளாக் வேலை 21 ஆகிறது.

மதர்போர்டு வாங்குபவர்களுக்கு ஒன்று. 'சோதித்தது' என்று எனக்கு வந்ததில் நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, கீபோர்டு கன்ட்ரோலர் பக்கத்துத் தடங்களைப் பச்சையாக அரித்திருந்தது. ரியல் மோடுக்குத் திரும்ப அந்தச் சிப் வழியாகத்தானே ரீசெட் அடிக்கிறோம், அதனால் பேட்டரி மூலையை நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து அளக்கப்போவது கால் கேட், அதாவது அனுமதி நிலை மாறி வேறு நிரலை அழைக்கும் வழி. ப்ரொடெக்டட் மோடில் வேறு செக்மென்ட்டுக்குப் போகும் சாதாரண ஃபார் கால் 26, ப்ரிவிலேஜ் மாறினால் 82 என்கிறது கையேடு, அதற்கு டி.எஸ்.எஸ். (ஒவ்வொரு அனுமதி நிலைக்குமான ஸ்டாக் விவரம் வைக்கும் அமைப்பு) கட்டும் வேலை பாதியில் நிற்கிறது. ஒரு 386 எஸ்.எக்ஸ். மதர்போர்டும் தேடிக்கொண்டிருக்கிறேன், அதன் கையேட்டிலும் இதே ஏற்றலுக்கு 18 என்றுதான் போட்டிருக்கிறது.