மாவோவின் எழுச்சியைப் படித்த விதம்

முதுகலை வரலாற்றில் தூர கிழக்கு நாடுகளின் வரலாற்றைப் படிப்பவர்கள், மாவோ சேதுங்கின் இளமையும் எழுச்சியும் பற்றிய வினாவை ஆண்டு வரிசையில் ஒப்பித்துவிடலாம் என்று நம்புகிறார்கள். நானும் அப்படி நம்பி, 15 மதிப்பெண் வினாவுக்கு நான்கு பக்கம் எழுதி, 6 மதிப்பெண் பெற்றேன். ‘1921இல் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவினார், 1935இல் தலைவரானார்’ என்று நான் எழுதிய வரிக்கு நேரே, “இடைப்பட்ட 14 ஆண்டுகள் அவர் எங்கே இருந்தார்?” என்று ஆசிரியர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்.

அதன்பின் ஒரு நோட்டில் ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே அவர் இருந்த ஊரையும் வகித்த பொறுப்பையும் எழுதி, பொறுப்பு பறிபோன இடங்களில் மட்டும் சிவப்புக் கோடிட்டேன்.

1893 டிசம்பர் 26 அன்று ஹூனான் மாகாணத்தின் ஷாவோஷானில், ஓரளவு வசதியான விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் என்பதையும், தந்தையுடனான பிணக்கையும் சில வரிகளில் முடித்துவிடுங்கள். மன்னராட்சியை வீழ்த்திய 1911 புரட்சியின்போது சுமார் அரை ஆண்டு படைவீரராக இருந்தவர், பின்னர் சாங்ஷாவின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் 1918 வரை பயின்றார். அங்கே அவருக்குக் கற்பித்த யாங் சாங்ஜியின் பரிந்துரையால், பீக்கிங் பல்கலைக்கழக நூலகத்தில் அதன் தலைவர் லீ தாஜாவோவின் கீழ் உதவியாளர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 8 யுவான். நாளிதழ் படிக்க வந்த பெரிய அறிஞர்களுக்குத் தம் தென்னாட்டுப் பேச்சைக் கேட்கப் பொழுதில்லை என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இதை விடையில் சேர்த்தால், 1921 ஜூலையில் ஷாங்காயில் கூடிய கட்சியின் முதல் மாநாட்டில் அவர் ஹூனானின் பிரதிநிதிகளுள் ஒருவராகவே இருந்தார் என்பது இயல்பாகப் பொருந்தும். கட்சித் தலைமை அன்று மாநாட்டுக்கே வராத சென் தூசியுவிடம் சென்றது.

அதிக நேரம் செலவிட வேண்டிய ஆண்டு 1927. அதன் தொடக்கத்தில் 32 நாள்கள் ஹூனானின் ஐந்து மாவட்டங்களில் விவசாயிகள் இயக்கத்தை நேரில் ஆராய்ந்து, புரட்சியின் பெரும் சக்தி கிராமத்தில் இருக்கிறது என்று அறிக்கை எழுதினார். ஏப்ரலில் தேசியவாதக் கட்சியின் தலைவர் சியாங் கை ஷேக் ஷாங்காயில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கினார். செப்டம்பரில் மாவோ வழிநடத்திய இலையுதிர்கால அறுவடை எழுச்சி தோற்று, எஞ்சியவர்களுடன் ஜிங்காங் மலைக்கு ஏறினார். அதே ஆண்டு நவம்பரில் கட்சியின் உயர்மட்ட அமைப்பான அரசியல் குழுவின் மாற்று உறுப்பினர் பதவியும் பறிபோனது. என் நோட்டின் முதல் சிவப்புக் கோடு அதுதான். 1931இல் ருய்ஜினில் அமைந்த சீன சோவியத் குடியரசுக்குத் தலைவரானார். 1932 அக்டோபரில் நிங்துவில் கூடிய கட்சித் தலைமைக் கூட்டம் படைப் பொறுப்பிலிருந்து அவரை விலக்கியது. அது இரண்டாவது கோடு.

இந்தச் சரிவுகளை எழுதினால்தான் 1935 ஜனவரியில் சுன்யியில் நடந்த கட்சித் தலைமைக் கூட்டம் புரியும். சியாங்கின் முற்றுகையிலிருந்து தப்ப 1934இல் மேற்கொண்ட நெடும்பயணத்தைச் சுமார் 86,000 பேருடன் தொடங்கிய படை பெரும் இழப்பைச் சந்தித்ததால், தலைமையின் போர்முறை கேள்விக்குள்ளானது. முன்பே மாற்று வழியை வற்புறுத்தியவர் என்பதால் மாவோவின் சொல்லுக்கு எடை கூடியது. ஆனால் அங்கு அவர் அரசியல் குழுவின் நிலைக்குழு உறுப்பினரானார், அவ்வளவே. அரசியல் குழுத் தலைவர் பதவி 1943 மார்ச்சில்தான் வந்தது. பருவத் தேர்வில் இதே வினா வந்தபோது, சுன்யியை அவர் தலைவரான நாளாக எழுதாமல், அவருடைய கருத்துக்குக் கட்சி செவிசாய்க்கத் தொடங்கிய நாளாக எழுதி, விடையை 1943 வரை கொண்டு சென்றேன்.