ஒரே டவருக்குப் பதில் ஊரெல்லாம் ஆன்டெனா

5ஜிக்கு அடுத்த தலைமுறையான 6ஜி பற்றி வருகிற கட்டுரைகளில் முக்கால்வாசி வேகத்தைப் பற்றியே பேசுகின்றன. எனக்கு அந்தக் கணக்கு அலுத்துவிட்டது. டவருக்கு நேர் எதிரே நிற்பவருக்கு இப்போதைய 5ஜியிலேயே ஒரு குறையும் இல்லை. இரண்டு டவர்களுக்கு நடுவே, இரண்டுக்கும் தள்ளி வீடு அமைந்தவருக்குத்தான் பாடு: இந்தப் பக்கத்து டவரின் சிக்னல் நலிந்து வந்து சேரும், அந்தப் பக்கத்து டவர் அதே அலைவரிசையில் வேறு யாருக்கோ அனுப்புவது அதன்மேல் இரைச்சலாக ஏறிக்கொள்ளும். ரீசார்ஜ் தொகை மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்.

இதை இன்னும் உயரமான டவர் கட்டிச் சரிசெய்ய முடியாது. வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சிக்னலின் சக்தி நாலில் ஒரு பங்காகக் குறையும். கட்டடங்கள் நெருங்கிய ஊருக்குள் அது 16-இல் ஒரு பங்கு வரைக்கும்கூடப் போகும். இப்போதைய 5ஜி டவர்களில் 64 ஆன்டெனா வரை ஒரே பலகையில் அடுக்கி, நம் போனைக் குறிபார்த்து அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் நடுவில் ஒரு பெரிய கட்டடம் மறித்தால் 64-ம் சேர்ந்தே மறைந்துவிடும். அதே 64-ஐத் தெருவிளக்குக் கம்பம், சுவர், கூரை என்று பிரித்து மாட்டினால் நாலைந்தாவது எப்போதும் நமக்குப் பக்கத்தில் இருக்கும்.

யோசனை பழையது. 1987-லேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த அடெல் சாலேயும் சகாக்களும் கட்டடத்துக்குள் ஆன்டெனாக்களைப் பரப்பி வைப்பது பற்றி எழுதிவிட்டார்கள். விமான நிலையம், மால், மெட்ரோ ஸ்டேஷனில் ஃபால்ஸ் சீலிங்கில் ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளைக் குமிழ்கள் அந்த வழியில் வந்தவைதான். ஒரு அறையில் பேஸ் ஸ்டேஷன் (சிக்னலை உருவாக்கும் கருவி), அங்கிருந்து டிவி கேபிள் மாதிரியான கோஆக்ஸ் கேபிள், சிக்னலைப் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டர், கடைசியில் குமிழ். ஆனால் இந்த வகையில் பெரும்பாலும் எல்லாக் குமிழும் ஒரே சிக்னலைத்தான் ஒலிபரப்பும். சிக்னல் மூலை முடுக்கெல்லாம் கிடைக்கும், கூட்டம் கூடினால் வேகம் பங்கு போடப்படும்.

6ஜிக்காக இப்போது ஆராயப்படுவது அப்படியல்ல. பரவிக் கிடக்கும் ஆன்டெனாக்கள் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக வேலை செய்யும். போன் ஒரு அடையாள சிக்னலை அனுப்பும்; சுற்றியுள்ள ஒவ்வொரு ஆன்டெனாவும் அதைக் கேட்டு, தனக்கும் அந்தப் போனுக்கும் இடையிலான பாதை எப்படி இருக்கிறது என்று கணக்கிடும்; அப்புறம் எல்லாம் தங்கள் அலைகள் அந்தப் போனில் ஒன்றுகூடும்படி திருத்தி அனுப்பும். செல் என்ற எல்லையே (ஒரு டவருக்கென்று ஒதுக்கிய பரப்பு) கிடையாது, அதனால் எல்லையோரத்து ஆள் என்றும் ஒருவர் இல்லை. ஹியென் என்கோ, தாமஸ் மார்சேட்டா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சின்னச் சின்ன செல்களாகப் பிரிப்பதைவிட இந்த முறையில் நூற்றில் 95 பேருக்கு உறுதியாகக் கிடைக்கும் வேகம் ஏறக்குறைய 5 மடங்கு, சில சூழல்களில் 10 மடங்கு வருகிறது என்று காட்டினார்கள். கணினிக் கணக்குதான், களத்தில் அளந்தது அல்ல. ஆனாலும் உச்ச வேகத்தை விட்டுவிட்டு இந்த 95 பேரை அளவுகோலாக வைத்தார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, சிக்கல் எங்கே? நேரத்தில். 5ஜி ஓடும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓர் அலையின் நீளம் எட்டரை சென்டிமீட்டர். அதில் பாதி பிசகினால் இரண்டு ஆன்டெனாவின் அலைகள் சேர்வதற்குப் பதில் ஒன்றையொன்று அழித்துவிடும், அந்தப் பாதி நீளத்தைக் கடக்க, ஒளியின் வேகத்தில் போகும் அலைக்கு ஒரு நானோ நொடியில் ஏழில் ஒரு பங்குதான் ஆகும். தெருவெல்லாம் சிதறிக் கிடக்கும் பெட்டிகளின் கடிகாரங்கள் அதையும்விட நுட்பமாக ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது கேபிள். 4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ், இரண்டு ஆன்டெனா என்றால் போனுக்கு நொடிக்கு அதிகபட்சம் 150 மெகாபிட் போகும். அதற்காக ஆன்டெனாவுக்கும் பேஸ் ஸ்டேஷனுக்கும் இடையிலான ஃபைபரில் ஓடுவதோ நொடிக்குக் கிட்டத்தட்ட 2.5 கிகாபிட். நூற்றுக்கணக்கான ஆன்டெனாவுக்கு இப்படி இழுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் கணக்கில் ஒரு பகுதியை ஆன்டெனாவிலேயே முடிக்க வேண்டும். ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனம் 2019-இல் பார்சிலோனாவில் காட்டிய ரேடியோ பட்டை இந்த வழியில் போகிறது: ஒரே நாடாவில் வரிசையாக ஆன்டெனாவும் சிப்பும், மின்சாரமும் தரவும் அதே நாடா வழியாக. சுவரில் ஒட்டிவிடலாம். ஜப்பானின் மொபைல் நிறுவனமான டொகோமோ இன்னும் எளிமையாக, அலை ஓடும் ஒரு கேபிளில் துணி கிளிப் மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டை எங்கே மாட்டுகிறோமோ அங்கே அலை வெளியே கசியும்படி செய்திருக்கிறது. கழற்றினால் நின்றுவிடும். உயர் அலைவரிசைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் எனக்குக் கவலை தருவது கட்டடங்கள்தான். கட்டி முடித்த அபார்ட்மென்டில் இந்த ஆன்டெனாக்களுக்கு ஃபைபர் இழுக்கச் சுவரைக் குடைய வேண்டியிருக்கிறது. கட்டடங்களுக்கு இணைப்பு வசதியை வைத்துத் தரம் போட, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் விதிமுறை கொண்டுவந்தது, வரவேற்கிறேன். ஃப்ளாட் புக் செய்யப் போகிறவர்கள் பார்க்கிங், லிஃப்ட் விசாரிக்கும்போதே ஒவ்வொரு மாடிக்கும் ஃபைபருக்குத் தனிக் குழாய் விட்டிருக்கிறார்களா, எல்லா நிறுவனங்களும் அதைப் பங்கிட்டுக்கொள்ள முடியுமா என்றும் பில்டரிடம் கேளுங்கள்.